18 காரட் கடிகாரமும் 916 சங்கிலியும்

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குப் போனவர்கள், அதை நோக்கியபடி இருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாள் சிலையையும் பார்த்திருப்பீர்கள். சிதைந்து கிடந்த சமாதிக்குக் கோயில் எழுப்ப அந்த அம்மையார் தம் நகைகளை விற்றார். 1926 இல் குடமுழுக்கு நடந்தது. நகைக்குள் எலெக்ட்ரானிக்ஸைப் புகுத்திய முயற்சிகளைப் பற்றிப் படித்தபோதெல்லாம் எனக்கு இந்த நகைகள்தான் நினைவுக்கு வந்தன.

முதல் டிஜிட்டல் கைக்கடிகாரமே ஒரு நகைதான், தெரியுமா? அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் 1972 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பல்சர்', 18 காரட் தங்கத்தால் ஆனது. விலை 2,100 டாலர். அன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு சிறிய கார் வாங்கிவிடலாம்! சிவப்பு எழுத்துகள் பேட்டரியைக் குடித்துவிடும் என்பதால் பொத்தானை அழுத்தினால் மட்டுமே மணி தெரியும். நான்கே ஆண்டுகளில், 1976 இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 20 டாலருக்கு பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச் விற்றது. மணி காட்டும் வேலை மலிந்துபோனது. மிஞ்சியது தங்கத்தின் மதிப்புதான்.

இந்தக் கதை 2015 இல் அப்படியே திரும்பியது. ஆப்பிள் வாட்ச் எடிஷன், அதுவும் 18 காரட், 10,000 முதல் 17,000 டாலர் வரை. 2016 லேயே தங்கத்தைக் கைவிட்டு பீங்கானுக்கு மாறினார்கள். 2018 இல் வந்த புதிய மென்பொருள் அந்த முதல் வாட்சுகளில் ஏறவில்லை. பெங்களூரின் அல்ட்ராஹ்யூமன் 2024 இல் கொண்டுவந்த தங்க ஸ்மார்ட் மோதிரமும் 18 காரட்டே.

ஏன் எல்லோரும் 18 இல் நிற்கிறார்கள்? 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், அதனால் மிருது. 18 காரட்டில் 75 சதவீதம்தான். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. கீறலைத் தாங்கும், நுணுக்கமான கூட்டுக்கும் கல் பதிக்கவும் ஏற்றது. பொறியாளருக்கு அது சரி. ஆனால் நம் ஊர்ப் பெண்கள் கேட்பது 916 ஆயிற்றே!

இதில் அடிபட்டுத் தெளிந்தவர்கள் நம் ஓசூர்க்காரர்கள். 1984 இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் (பெயரின் கடைசிப் பாதியில் இருப்பது தமிழ்நாடுதான் என்பார்கள்), 1990களில் தனிஷ்க் என்று நகைக்குள் இறங்கியது. ஆரம்பத்தில் மேல்நாட்டுப் பாணியில் 18 காரட் கல் நகைகள். சீந்துவாரில்லை. 22 காரட்டுக்கு மாறிய பிறகுதான் வியாபாரம் பிடித்தது. அதோடு அவர்கள் செய்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: நகையை உரசாமல், உருக்காமல் எக்ஸ் கதிரால் தரம் சொல்லும் காரட்மீட்டரைக் கடையிலேயே வைத்தார்கள். பலர் தங்கள் பழைய நகையை வைத்துப் பார்த்து அதிர்ந்தார்கள்.

ஆக, இங்கே டிஜிட்டல் நகைக்குள் போய் உட்காரவில்லை. நகையைச் சோதிக்க வந்தது. எச்யுஐடி அதன் அடுத்த படி. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து எண் கட்டாயம். அதைக் கைப்பேசியில் தட்டினால் தரமும், எந்த மையத்தில் முத்திரை பெற்றது என்பதும் வந்துவிடும்.

டெல்டாவில் இது சின்ன விஷயமல்ல. நடவுச் செலவுக்குச் சங்கிலியை அடகு வைப்பதும், அறுவடைக்குப் பின் மீட்பதும் இங்கே ஆண்டுதோறும் நடப்பது. கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியை 2021 இல் அரசே அறிவிக்க வேண்டியிருந்தது. அடகுக் கடைத் தராசில் ஸ்மார்ட் மோதிரத்தை வைத்தால் சென்சாருக்கும் மென்பொருளுக்கும் சல்லிக்காசு பெயராது. உள்ளே அடைத்து மூடிய பேட்டரி செத்தால் மாற்றவும் முடியாது.

அம்மா காலத்துச் சங்கிலிகளில் அந்த ஆறு எழுத்து இல்லைதான். அவற்றுக்கு உரைகல்லோ காரட்மீட்டரோதான்.