பிடிஎஃப் கேட்டேன், லாகின் பக்கம் வந்துச்சு

பழைய கம்பெனியோட சம்பள போர்ட்டலை ராத்திரி 12 மணியோட மூடப் போறோம்னு ஒரு நாள் மெயில் வந்துச்சு. என்னோட 38 பேஸ்லிப் உள்ள இருக்கு. வீட்டுக் கடனுக்கு பேங்க்ல கேட்டிருக்காங்க. நான்தான் இன்ஜினியராச்சே, ஒவ்வொண்ணா கிளிக் பண்ணுவேனா? டபிள்யூகெட்ல யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ஒரு லூப் எழுதி விட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில 38 ஃபைல் இருக்கு. எல்லாம் ஒரே சைஸ், 9 கேபி. எதுவுமே பிடிஎஃப் இல்ல. 38 தடவை அதே லாகின் பக்கம்!

ஒரு எர்ரர்கூட வரலையே, ஏன்? அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

வெப்புக்கு ஆரம்பத்துல சொந்தமா ஒரு பூட்டு இருந்துச்சு. அனுமதி இல்லாமப் போனா சர்வர் '401'னு சொல்லும். பிரவுசர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து பாஸ்வேர்டு கேட்கும். 1996 ஜனவரியில் குரோஷியாக்காரர் ஹர்வோயே நிக்ஷிச் டபிள்யூகெட்டை வெளியிட்டப்போ, அதுக்குத் தெரிஞ்ச பூட்டு இதுதான். இப்போ 401 வந்தாத்தான் அது பாஸ்வேர்டை எடுத்து நீட்டும். அதாவது, நான் கொடுத்த பாஸ்வேர்டு அந்த சர்வருக்குப் போகவே இல்ல.

ஆனா ஹெச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. முந்தின நிமிஷம் வந்த ஆளையே யாருன்னு கேட்கும். அதுக்கு 1994-ல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டுல்லி கண்டுபிடிச்சதுதான் குக்கீ. வேடிக்கை என்னன்னா, டெர்மினல்லயே ஓடுற லிங்க்ஸ் பிரவுசரை எழுதினவங்கள்ல அவரும் ஒருத்தர். குக்கீ வந்த பிறகு அந்த அசிங்கமான பெட்டி யாருக்கு வேணும்? எல்லாரும் தங்க லோகோ போட்ட லாகின் பக்கத்தைக் கட்டினாங்க. லாகின் பண்ணாம ஃபைலைக் கேட்டா, சர்வர் மறுக்காது. மரியாதையா லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, '200, எல்லாம் ஓகே'ன்னு சொல்லும். டபிள்யூகெட்டும் நம்பி அதை சேமிச்சு வச்சுக்கும்.

டூல்கள் துரத்திக்கிட்டே இருந்தது. ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க்கின் கர்ல், 1998-ல் வெளிவந்த வருஷமே குக்கீ படிக்கக் கத்துக்கிச்சு. ஃபார்மை போஸ்ட் பண்ணுற வசதி டபிள்யூகெட்டுக்கு 2003-ல், 1.9 வெர்ஷன்லதான் வந்துச்சு. அப்பவும் சிக்கல் தீரல. பிரவுசரை மூடினா செத்துப்போற செஷன் குக்கீயை, தனியா 'கீப் செஷன் குக்கீஸ்'னு சொன்னாத்தான் ஃபைல்ல எழுதும். ஃபார்முக்குள்ள ஒவ்வொரு தடவையும் மாறுற ரகசிய டோக்கன் வேற ஒளிஞ்சிருக்கும். யூஆர்எல்லை மேற்கோள் குறிக்குள்ள போடலைன்னா, ஷெல் அதை 'அண்ட்' குறியிலயே வெட்டிடும். நான் அரை நாளைத் தொலைச்சது இதுலதான்!

எனக்கு வேலைக்கு ஆகுற வழி, பிரவுசர்ல லாகின் பண்ணி, குக்கீகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி டூலுக்குக் கொடுக்கிறது. அந்த ஃபைலோட முதல் வரியைப் பாருங்க: 'நெட்ஸ்கேப்'னு இருக்கும். பிரவுசர் போயிடுச்சு, ஃபார்மேட் போகல.

பேஸ்லிப்பா? பழைய ஹெச்ஆருக்கு மூணு மெயில் போட்டாச்சு, பதில் இல்ல. ஃபார்ம் 16 போதும்னு பேங்க்ல ஒத்துக்கிட்டாங்க. இப்போ லூப் ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஃபைலை இறக்கித் திறந்து பார்த்துடறேன்.