கூரையிலிருந்து தோட்டத்துக்கு: யாழ்ப்பாண வீட்டின் பழைய சிக்கனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை, பெருமரக் காடும் இல்லை. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கற் பாறையின் மேல் மெல்லிய மண்படையாக அமைந்த இந்நிலத்தில், ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக்காலத்திலேயே பெய்துவிட, ஏனைய மாதங்களில் வெயிலும் வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்றுமே மனிதரின் வீட்டை ஆண்டுவந்தன. ஆகவே இங்கு வீடு கட்டியவர்கள் காலடியில் கிடைத்த சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும், வளவில் நின்ற பனையையும் தென்னையையும் கொண்டே வெப்பத்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

பெரும்பாலான குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மண்வீடுகளிலேயே வாழ்ந்தன. நிலத்திலிருந்து சற்று உயர்த்திய குந்தின் மீது, அதாவது உட்காரவும் உதவும் மண்மேடையின் மீது, இடுப்பளவு மண்சுவர் எழுப்பி, அதற்கு மேல் கூரைவரை ஓலையாலான செத்தையை மறைப்பாகக் கட்டுவது வழக்கம். செத்தையின் இடுக்குகளால் காற்று ஓயாமல் உட்புக, வைரம் பாய்ந்த பனையின் வளைகளும் சிலாகைகளும் தாங்கிய கூரையில் வேயப்பட்ட பனையோலையோ, பின்னிய தென்னோலையான கிடுகோ வெப்பத்தை உள்ளே கடத்தாமல் மேலேயே நிறுத்தியது. சாணமிட்டு மெழுகிய தரை உச்சிவெயிலிலும் குளிர்ந்திருந்தது. அடுப்பின் சூடும் புகையும் படுக்குமிடத்தை அண்டாதபடி குசினி தனிக் குடிலாக நின்றது. அதன் அடுப்புக்குப் பனைமட்டையும் கொக்காரையும் பன்னாடையும் பொச்சுமட்டையும், பனங்கிழங்கு எடுத்தபின் எஞ்சும் விதைக்கோதான ஊமலும் விறகாயின.

இவ்வீட்டின் உண்மையான சிறப்பு அதன் குளிர்ச்சியைவிட, பழைய கூரைக்கு என்ன நேர்ந்தது என்பதில்தான் இருக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் இற்றுப்போன ஓலை குப்பையாக எரிக்கப்படவில்லை. கூரையிலிருந்தும் வேலியிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டு, தோட்டத்து மண்ணுள் பசளையாகத் தாழ்க்கப்பட்டது. வேலிக் கதியால்களாக நட்ட பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றுள் பூவரசங்குழை அதே தோட்டத்துக்கும், ஏனையவற்றின் இலை ஆட்டுக்கும் போயின. கிணற்றடியில் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் ஓடிற்று. இச்சுழற்சியைச் சுற்றுச்சூழற் பற்றின் விளைவு என்று கொள்வது பொருந்தாது. ஒல்லாந்தர் காலந்தொட்டுத் திருவாங்கூருக்கு ஏற்றுமதியான யாழ்ப்பாணப் புகையிலை, வளம் குன்றிய மண்ணில் ஓயாது பசளை கேட்டது என்பதும், அதனால் இற்ற ஓலைக்கும் ஒரு மதிப்பு இருந்தது என்பதுமே அதன் அடிப்படை.

வசதி படைத்தோர் கட்டிய நாற்சார் வீடு இதே காலநிலைக்கு வேறொரு விடை. நடுவில் வானம் பார்த்த முற்றத்தை விட்டு, நாற்புறமும் தாழ்வாரத்தையும் அதற்குப் பின்னால் அறைகளையும் அமைக்கும் இம்முறையில், முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழ, திண்ணைப் பக்கத்துக் காற்று அறைகளினூடே உள்ளே இழுக்கப்படும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய தடித்த கற்சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகவே வாங்கி, இரவிலேயே வெளிவிடும். ஆனால் கல்வீடும் ஓட்டுக்கூரையும் பணத்தால் மட்டும் வாய்த்தவையல்ல, சாதியாலும் வரையறுக்கப்பட்டவை. வெள்ளாளர் வீட்டு ஓலையை வெட்டியவரும் வேலியை அடைத்தவரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினராகவே இருந்தனர். பழைய வீட்டைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த உழைப்பின் கணக்கை வசதியாக மறந்துவிடுகின்றனர். ஓலையைக் கைவிட்டு ஓட்டுக்கு மாறியதைச் சிலர் விடுதலையாகவே உணர்ந்திருந்தால் அதில் வியப்பில்லை.

மாற்றம் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லையே அகழ்ந்து இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியபின், சூளையில் சுட்ட சுண்ணாம்பின் இடத்தைச் சீமெந்து பிடித்தது. கிடுகு வேலி மதிலாயிற்று. ஆள் மேலேறி மிதித்து நீரிறைத்த துலாவின் இடத்தில் மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. செயற்கை உரம் வந்தபின் இற்ற ஓலையைத் தேடுவாரும் குறைந்தனர். மதிலுக்குள் காற்று அடைபட்ட வீட்டுக்கு மின்விசிறி இன்றியமையாததாயிற்று.

1990 இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாடு தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டு, சீமெந்தும் எரிபொருளும் பொருளாதாரத் தடைக்கு உள்ளானபோது, இவ்வீடுகள் திடீரெனச் சோதனைக்கு உட்பட்டன. அக்காலத்தில் வீட்டுக்கு வீடு எரிந்த 'சிக்கன விளக்கு' கூர்ந்து நோக்கத்தக்க பொருள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றைக் கம்பியில் பொருத்தி உள்ளே எரியவிட்டனர். போத்தலே காற்றுக்கு மறைப்பாகவும் நின்றதால், பொட்டளவு சுடரில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். இதுவும் சிக்கனமே, ஆனால் தெரிவு மறுக்கப்பட்ட சிக்கனம். அதே போரில் காவலரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டதால், பழைய கட்டடப் பொருளின் ஊற்றுக்கண்ணும் சுருங்கிற்று.

போருக்குப் பின் மின்சாரம் திரும்பியபோது அதன் விலை கிணற்றிலும் தெரிந்தது. சுன்னாகத்து டீசல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது தொடர்பான வழக்கில், நிலையத்தை இயக்கிய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளூடே எதுவும் எளிதில் கீழிறங்கும் நிலத்தில், மின்சாரத்தையும் குடிநீரையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க இயலாது.

போருக்குப் பின்னான வீட்டுத் திட்டங்களிலும், வீடு இந்நிலத்துக்கும் காலநிலைக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. இந்திய உதவித் திட்டத்தில் பயனாளிகள் 5,50,000 ரூபாய் மானியம் பெற்றுத் தாமே முன்னின்று வீடு கட்டினர். அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் முன்னரே தயாரித்த பாகங்களாலான 65,000 உருக்கு வீடுகளைப் பன்னாட்டு நிறுவனமொன்றின் மூலம் நிறுவ அரசாங்கம் முனைந்தபோது, 2016 இல் வடக்கின் பொறியியலாளர்களும் குடிசார் அமைப்பினரும் அதை வெளிப்படையாக எதிர்த்தனர். உருக்குச் சுவர் வெயிலில் சூடேறும், காற்றோட்டம் போதாது, விறகடுப்புக்கு ஏற்ற குசினி இல்லை, ஒரு வீட்டின் செலவு கல்வீட்டின் செலவைவிட மிக அதிகம் என்பனவே அவர்கள் முன்வைத்த வாதங்கள். அவற்றுள் முதல் மூன்றையும் செத்தை கட்டி, குசினியைத் தனியாக வைத்த தலைமுறையினர் எவரும் சொல்லியிருப்பர். அந்த உருக்கு வீட்டுத் திட்டம் நிறைவேறவில்லை.