ரொக்கத்தில் தொடங்கிக் கடனில் முடிந்த கதை: சுபிக்ஷா அங்காடிகளின் எழுச்சியும் வீழ்ச்சியும்

'சுபிக்ஷ' என்னும் வடசொல்லின் நேர்ப்பொருள் 'பிச்சை எளிதில் கிடைக்கும் நிலை' என்பதாகும். ஊரில் தானியம் மிகுந்திருந்தால்தான் இரப்பவனுக்கும் எளிதில் கிட்டும். ஆகவே அச்சொல் செழிப்பைக் குறிக்கலாயிற்று. அதன் எதிர்ச்சொல்லான 'துர்பிக்ஷ' பஞ்சத்தைக் குறிக்கும். தமிழில் 'சுபிட்சம்' என்றும் கன்னடத்தில் 'சுபிக்ஷ' என்றும் இது வழங்குகிறது. மளிகை என்பதற்குத் தமிழில் ஒரு சொல்லும் கன்னடத்தில் 'தினசி' என்று வேறொரு சொல்லும் இருக்க, மைசூரு அக்ரஹாரம் போன்று இருமொழியும் ஒரே தெருவில் புழங்கும் இடங்களில் இந்தப் பெயருக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை. மாநில எல்லைகளைத் தாண்ட விரும்பும் மளிகைக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. 1997-இல் சென்னை திருவான்மியூரில் அப்பெயருடன் ஒரு கடை திறக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அது நாடெங்கும் சுமார் 1,600 கிளைகளாகப் பெருகி, சில மாதங்களில் முற்றாக மூடிக்கிடந்தது.

இந்த வீழ்ச்சியைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் நிறுவனரின் பேராசை, 2008-இன் உலக நிதி நெருக்கடி ஆகிய இரண்டு காரணங்களோடு நின்றுவிடுகின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் மளிகை வணிகத்தின் உள்ளமைப்பு என்ற மூன்றாவது காரணத்தை இவை மறைத்துவிடுகின்றன. கடையின் தட்டில் அடுக்கப்பட்டிருக்கும் சரக்கு யாருடைய பணத்தில் வாங்கப்பட்டது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்றால், சுபிக்ஷாவின் வரலாறு வேறொரு ஒழுங்கில் தெரியவரும்.

நிறுவனர் ஆர். சுப்பிரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் பயின்றவர். அவர் வகுத்த திட்டம் எளியது, கூர்மையானது. கடைகள் சிறியவை, பெரும்பாலும் வாடகை மிகுந்த முதன்மைச் சாலைகளைத் தவிர்த்து, குடியிருப்புகளை ஒட்டிய தெருக்களில் அமைந்தவை. குளிர்சாதன வசதியோ அலங்காரமோ இல்லை. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்குக் கீழே எப்போதும் விற்பது என்பதே ஒரே கவர்ச்சி. மளிகையோடு மருந்தும் தள்ளுபடியில் கிடைத்தது. இத்தள்ளுபடிக்கு வழிவகுத்தது கொள்முதல் முறை. வழக்கமாகச் சில்லறை வணிகர் சரக்கை எடுத்துக்கொண்டு வாரங்கள் கழித்தே பணம் தருவார். சுபிக்ஷாவோ உடனுக்குடன் பணம் செலுத்தி, அதற்கு ஈடாக ரொக்கக் கழிவைப் பெற்றது. அக்கழிவின் பெரும்பகுதி வாடிக்கையாளருக்கு விலைக்குறைப்பாகச் சென்றது. சுருங்கச் சொன்னால், சரக்கு வழங்குபவருக்குக் காத்திருப்பைத் தராததே அக்கடையின் மலிவுக்கு அடிப்படை.

இம்முறை நிதானமான வளர்ச்சிக்கு ஏற்றது. முதல் பத்தாண்டுகளில் நிறுவனம் ஏறத்தாழத் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தது. 2000-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் முதலீடு செய்தது. 2006 வாக்கில் கடைகள் சுமார் 150. அதே காலத்தில்தான் ரிலையன்ஸ் போன்ற பெருங்குழுமங்கள் சில்லறை வணிகத்தில் இறங்கின. அவர்களுக்கு முன்பே நாடு முழுவதும் இடம்பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் பிறந்தது. கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம், குஜராத், டெல்லி எனக் கிளைகள் பரவின; கைப்பேசி விற்பனையும் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் எண்ணிக்கை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன்தரும். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ஒரு கடையின் அன்றாட விற்பனை 1 லட்சம் ரூபாய் என்றும், 12 நாள் விற்பனைக்குரிய சரக்கு எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்றும் கொள்வோம். இலாபப் பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வழங்குநர் 30 நாள் தவணை தந்தால், சரக்கு விற்ற பின்னும் 18 நாள் விற்பனைப் பணமாகிய 18 லட்சம் ரூபாய் கடைக்காரர் கையில் புரளும். புதிய கடை திறக்கும்தோறும் இப்புரள்பணம் கூடும். ரொக்கத்துக்கு வாங்குபவருக்கோ நிலைமை நேர்மாறானது. ஒவ்வொரு புதிய கடையும் 12 லட்சம் ரூபாயை விழுங்கிய பிறகே முதல் விற்பனை நடக்கும். 1,450 புதிய கடைகளுக்கு இருப்புச் சரக்குக்கு மட்டும் 174 கோடி ரூபாய் வேண்டும். வாடகை முன்பணம், அலமாரிகள், கணினி, கிடங்கு, ஊதியம் ஆகியவை இதற்கு மேல். ஆக, சுபிக்ஷாவை மலிவாக்கிய அதே கொள்முதல் முறை, அதன் விரைவான விரிவாக்கத்தை மிகுந்த செலவுடையதாக ஆக்கிற்று.

இந்தச் செலவுக்குப் பங்கு முதலீடு போதிய அளவில் வரவில்லை. பதின்மூன்று வங்கிகளிடமிருந்து பெற்ற கடன் ஏறத்தாழ 750 கோடி ரூபாயை எட்டியது. 2008-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சரின் பங்கிலிருந்து 10 விழுக்காட்டை அசீம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் சுமார் 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஆனால் அத்தொகை சென்றது பங்கை விற்றவருக்கு. சுபிக்ஷாவின் கல்லாவுக்கு அல்ல. பெரும்புள்ளி ஒருவர் பங்கு வாங்கினார் என்ற செய்தி நிறுவனத்தின் மதிப்பை உயர்த்தியதே அன்றிக் கையிருப்பை உயர்த்தவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட புளூ கிரீன் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்ற நிறுவனத்தோடு இணைந்து சந்தைக்குள் நுழையும் முயற்சியும் ஈடேறவில்லை. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. புதிய பணம் வரும் வழிகள் அனைத்தும் அடைபட்டன.

அதன்பின் நிகழ்ந்தது ஒரு சுழற்சி. வழங்குநர்களுக்குப் பணம் தாமதமாயிற்று. தாமதமானவுடன் ரொக்கக் கழிவு நின்றது. கழிவு நின்றதால் விலைக்குறைப்புக்கு அடிப்படை இல்லாமற் போயிற்று. நிலுவை வளர்ந்ததும் சரக்கே நின்றது. தட்டுகள் காலியாயின, விற்பனை குறைந்தது, நிலுவையைத் தீர்க்க வேண்டிய பணம் இன்னும் சுருங்கியது. தவணைக்குக் கொடுத்துப் பழகிய வழங்குநர் இரண்டு வாரம் கூடுதலாகக் காத்திருப்பார். ரொக்கத்துக்கே கொடுத்துப் பழகியவருக்கு முதல் தாமதமே எச்சரிக்கை மணி. 2009-இன் தொடக்கத்தில் கடைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு ஊதியம் நின்றது. காவல் பணியாளர்களுக்கும் பணம் தரப்படாமையால் அவர்கள் விலக, பல கடைகளில் எஞ்சிய சரக்கும் தளவாடங்களும் சூறையாடப்பட்டன.

இவ்விடத்தில் நிர்வாகச் சீர்கேட்டையும் மோசடியையும் பிரித்து நோக்குதல் வேண்டும். கணக்கியல் வளர்வதற்கு முன் கடைகள் வளர்ந்தமை நிர்வாகச் சீர்கேடு. மளிகையில் மூன்று தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்: கேட்ட சரக்குக்கான கொள்முதல் ஆணை, வந்த சரக்குக்கான வரவுச் சீட்டு, பணம் கோரும் பட்டியல். 150 கடைகளில் இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அலுவலகம், 1,600 கடைகளில் அதையே செய்ய இயலாது. வராத சரக்குக்குப் பட்டியல், எடைக் குறைவு, திருப்பி அனுப்பிய சரக்குக்குக் கழிக்கப்படாத தொகை ஆகியவை நுழைவது அந்த இடைவெளியில்தான். சுபிக்ஷாவின் கணக்குகளுடைய நம்பகத்தன்மை குறித்து அதன் முதலீட்டாளர்களே வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினர்.

மோசடி பிறப்பதும் பெரும்பாலும் கடைக்கும் வழங்குநருக்கும் இடையேயுள்ள இப்பற்றுவரவில்தான் என்பதற்கு உலகச் சான்றுகள் உண்டு. நெதர்லாந்தின் அஹோல்ட் குழுமத்துக்குச் சொந்தமான அமெரிக்க உணவு வழங்கல் நிறுவனத்தில், வழங்குநர்களிடமிருந்து வரவேண்டிய விளம்பரக் கழிவுத்தொகைகள் பொய்யாகப் பெருக்கிக் காட்டப்பட்டமை 2003-இல் வெளியாயிற்று. அத்தொகைகள் உண்மையே எனத் தணிக்கையாளருக்குப் பொய்யான உறுதிக்கடிதங்களில் கையொப்பமிட்டவர்கள், வழங்குநர் நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களே. பிரித்தானியாவில் டெஸ்கோ, வழங்குநர் கழிவுகளை முன்கூட்டியே வருவாயாகக் காட்டி இலாபத்தை மிகைப்படுத்தியதாக 2014-இல் ஒப்புக்கொண்டது. அது வழங்குநர்களுக்குரிய பணத்தைத் தாமதப்படுத்தியதை மளிகைத் துறைக் கண்காணிப்பாளரின் 2016 அறிக்கை உறுதிசெய்தது. 2017-இல் டெஸ்கோவின் துணை நிறுவனம் 129 மில்லியன் பவுண்டு அபராதம் செலுத்த உடன்பட்டது. எனினும் குற்றஞ்சாட்டப்பட்ட உயரலுவலர் மூவரும் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். இவ்வகைக் கணக்கில் குற்றத்தை நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்று.

சுபிக்ஷா நிறுவனரின் தண்டனை வேறொரு கதவின் வழியே வந்தது. அவர் நடத்திய விஸ்வப்பிரியா நிதி நிறுவனம் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டியிருந்தது. வைப்பாளர் 587 பேருக்குரிய சுமார் 137 கோடி ரூபாய் திருப்பித் தரப்படாத வழக்கில், தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழமைந்த சென்னைச் சிறப்பு நீதிமன்றம் 2023 நவம்பரில் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதற்கு முன் வங்கிக்கடன் தொடர்பான பணமோசடி வழக்கில் 2018-இல் அமலாக்கத்துறை அவரைக் கைது செய்திருந்தது. அச்சிறப்புச் சட்டமும் 1997-ஆம் ஆண்டினதே. திருவான்மியூரில் முதல் கடையைக் கண்ட அதே ஆண்டு.

இவ்வழக்குகளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதே வரலாற்று மாணவர் நின்று பார்க்க வேண்டிய இடம். வைப்பாளருக்குத் தனிச்சட்டம் உண்டு. வங்கிக்கு அடமானப் பத்திரமும் தீர்ப்பாயமும் உண்டு. தொழிலாளரின் நிலுவை ஊதியத்துக்கு, கைக்கு எட்டுவது அரிதெனினும், நிறுவனக் கலைப்பில் முன்னுரிமை உண்டு. பருப்பும் சோப்பும் கொடுத்துவிட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் விநியோகஸ்தருக்கோ ஈடு எதுவுமில்லை. அவர் தந்த கடன் கடனாகவே எண்ணப்படுவதில்லை. 2016-இன் திவால் சட்டம் இதைச் சட்டமொழியிலேயே எழுதிவைத்தது. வங்கிகள் 'நிதிக் கடனாளர்'. சரக்குத் தந்தவர் 'செயல்பாட்டுக் கடனாளர்'. நிறுவனத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் குழுவில் பொதுவாக முன்னவருக்கே வாக்குரிமை. பங்கீட்டு வரிசையிலும் பின்னவர் கீழே. 2022-இல் பிக் பஜாரை நடத்திய பியூச்சர் ரீடெய்ல் திவால் நடைமுறைக்குள் சென்றபோது இவ்வரிசை மீண்டும் கண்முன் வந்தது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-இன் சட்டமே கூறுகிறது. ஆயினும் தாமதித்தவருக்கு வருமான வரியில் உறைக்கும்படியான விதி 2024 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஒப்பீட்டுக்குச் சென்னையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844-இல் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடையை முன்மாதிரியாகக் கொண்டு, 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னாளில் 'காமதேனு' அங்காடியால் நகரத்தார் அறிந்த அச்சங்கம் நூற்றாண்டைக் கடந்தது. கூட்டுறவுகளுக்கும் ஊழலும் முடக்கமும் புதியவை அல்ல. அவற்றை இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவ்வமைப்பில் கணக்கு உறுப்பினர் பேரவையின் முன் வைக்கப்பட வேண்டியது. கிளைகளின் பெருக்கம் உறுப்பினர் தந்த மூலதனத்தை மீறி ஓடாது. இரண்டே ஆண்டில் பத்து மடங்கு வளர்ச்சி அங்கே நிகழ்ந்திருக்க வழியில்லை.

பழைய மளிகைக் கணக்கில் 'பற்று' என்பது எடுத்துக்கொண்ட தொகையைக் குறிக்கும். அச்சொல்லே பிணைப்பையும் குறிக்கும். பேரேட்டில் பற்று எழுதப்படும்போது இருவருக்கிடையே ஒரு பிணைப்பும் பதிவாகிறது என்பதை மொழி மறக்கவில்லை. நவீன நிறுவனச் சட்டம் பிணைப்பை நீக்கித் தொகையை மட்டும் கடைசி வரிசையில் வைத்தது.

ஆவணங்களும் அவ்வரிசைப்படியே எஞ்சியிருக்கின்றன. சுபிக்ஷாவின் வரலாற்றை இன்று எழுதப் புகுபவருக்கு உயர்நீதிமன்ற மனுக்கள், வங்கிகளின் கோரிக்கைகள், அமலாக்கத்துறையின் அறிவிப்புகள், நாளிதழ்களின் வணிகப் பக்கங்கள் கிடைக்கும். விநியோகஸ்தர்களின் நிலுவைப் பட்டியல்களும் கைக்குறிப்பேடுகளும் எந்த ஆவணக்காப்பகத்திலும் சேரவில்லை. அவை பழைய கிடங்குகளின் பரண்களில் இருக்கக்கூடும். கடை கைமாறும்போது எடைக்குப் போகக்கூடும். தமிழ்நாட்டின், கர்நாடகத்தின் சில்லறை வணிக வரலாற்றில் ஈடுபடும் இளம் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி எடுப்பார்களாயின், இக்கதையின் விடுபட்ட பாதி எழுதப்படும். அவை எடைக்குப் போவதற்கு முன் அப்பணி நடக்க வேண்டும்.