காலிமுகத்திடல் கட்டடமும் நம்ம நாலந்தா ரோட்டும்



பிள்ளைகளைக் கொழும்புக்குச் சுற்றுலா கூட்டிப்போனால் நாம் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்துத்தான் படம் எடுப்போம். பின்னால் தூண்கள் வைத்த ஜனாதிபதி செயலகத்தை பஸ்ஸில் இருந்தே காட்டிவிட்டு வந்துவிடுவோம். 1930இல் திறந்த அந்தக் கட்டடம்தான் 1982 வரை நாட்டின் சட்டமன்றம்.

படிப்பு, சொத்து பார்க்காத வாக்குரிமையில் தெரிவான அரசாங்க சபை 1931இல் அங்கேதான் கூடியது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் அங்கே போனார்கள். அடுத்த வருடமே அதே மண்டபத்தில் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் வாக்கும் போனது. 1952இல் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் செய்தும் பலனில்லை. அந்தத் தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்றது 1977இல்.

தோட்டத்து ஆட்களின் கதை, நமக்கென்ன என்பவர்கள் உண்டு. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பெயரைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருந்த முஸ்லிம்களுக்கும் அதே விண்ணப்பம்தான்.

இன்னொன்று. கோப்பிக் காலத்தில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே நடந்தவர்கள் தம்புள்ளை, நாலந்தா தாண்டித்தான் மாத்தளைக்குப் போனார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே மௌத்தானவர்கள் எத்தனையோ பேர். நம் வாசலால் நடந்துபோனவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் 1948இல், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள்.

மிஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்குள் பாராளுமன்றம் அந்தக் கட்டடத்தை விட்டுப்போய் 21 வருடம்.