காஞ்சி வழியில் ஒரு கற்பனைப் பயணம்

கண்களை மூடிக்கொள்ளுங்கள். காட்டு வழியே தனியாக நடக்கிறீர்கள். அந்தக் காடு இருண்டதா, ஒளி நிறைந்ததா? வழியில் ஒரு சாவி கிடக்கிறது, எடுப்பீர்களா? ஒரு நீர்நிலை வருகிறது. இறங்குவீர்களா, கரையிலே நிற்பீர்களா? இறுதியில் ஒரு சுவர் குறுக்கிடுகிறது, என்ன செய்வீர்கள்?

மின்னஞ்சல் வழியே பல ஆண்டுகள் சுற்றிவந்த இப்புதிரை வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். சாவி அறிவையும், நீர் ஆசையையும், சுவர் மரணத்தையும் குறிக்கும் என்பது போன்ற விடைகள் அதன் அடியில் இருக்கும். அண்மையில் ஒரு மாலை, நசரத்பேட்டையில் சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் நண்பர்கள் ஐவர் கூடியிருந்தபோது இவ்விளையாட்டை ஆடிப் பார்த்தோம். ஒருவர் சுவரைத் தாண்டினார். ஒருவர் அதன் நிழலில் படுத்து உறங்கினார். அவரவர் குணத்தைச் சொல்லிச் சிரித்தோம்.

இவ்விளையாட்டுக்கு மதிப்புமிக்க உறவினர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் ரோர்ஷாக் மைக்கறைகளைக் காட்டி மனத்தை ஆராயும் முறையை 1921இல் நூலாக வெளியிட்டார். 1950களில் செருமானிய மனநல மருத்துவர் ஹான்ஸ்கார்ல் லாய்னர், புல்வெளி, ஓடை, மலை, வீடு, காட்டின் விளிம்பு ஆகியவற்றை நோயாளியைக் கற்பனையில் காணச் செய்து, உடனிருந்து உரையாடும் மருத்துவமுறையை வகுத்தார். அங்கே பொருள் உரையாடலில் பிறந்தது. மின்னஞ்சல் புதிரிலோ விடை முன்பே அச்சாகிவிட்டது. எல்லா மனிதருக்கும் சாவி ஒன்றையே குறிக்கும் என்பதற்குச் சான்று ஏதுமில்லை.

நாங்கள் அமர்ந்திருந்த கடையின் முன்னே ஓடிய பெங்களூர் நெடுஞ்சாலை, செம்பரம்பாக்கத்தையும் திருப்பெரும்புதூரையும் கடந்து காஞ்சிப் பக்கம் செல்வது. காஞ்சியை நோக்கிய மற்றொரு கற்பனைப் பயணம் நம் இலக்கியத்தில் உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதுவே பெரும்பாணாற்றுப்படை.

பத்துப்பாட்டுள் ஒன்றான இந்நூலைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். 500 அடிகள். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை எதிர்ப்பட்டு வழி சொல்கிறான். கேட்பவன் இன்னும் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. முழுப் பயணமும் அவன் மனத்துக்குள்ளேயே நிகழ்கிறது.

அப்பயணத்திலும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருள் எதிர்ப்படுகிறது. அப்பொருள் ஒரு மனிதரைக் காட்டுகிறது. உப்பு வணிகரின் வண்டிக்குப் பின்னே கைக்குழந்தையோடு எருதை ஓட்டி வருகிறாள் ஒரு பெண். எயினர் குடியில், கூரிய இரும்புக் கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். ஆயர் மகள் நெய்யை விற்றுப் பொன் கேட்கவில்லை; எருமையும் பசுவும் கேட்டு வாங்குகிறாள். அந்தணர் வீட்டில் கோழியும் நாயும் இல்லை; வேதம் பயின்ற கிளி இருக்கிறது. அடையாளங்கள் வழியே ஆளை அறியும் கலை இதுவும்தான். ஆனால் இங்கே பொருள்கள் அறியத் தருவது நடப்பவனை அன்று, வழியில் இருப்பவர்களை.

அப்படியானால் நடப்பவன் எங்கே தெரிகிறான்? ஒவ்வொரு வாசலிலும் பாட்டு தவறாமல் நிற்கும் இடத்தைக் கவனித்தால் விளங்கும். எயினரிடம் உலர்ந்த இறைச்சியோடு தேக்கிலையில் சோறு கிடைக்கும். ஆயரிடம் தினைச்சோறும் பாலும். உழவரிடம் வெண்ணெல் சோறும் கோழிப் பொரியலும். அந்தணரிடம் மாதுளங்காயும் மாவடுவும். காஞ்சியில் இளந்திரையன் பழந்துணியை நீக்கி நல்லாடை உடுத்து, தன் மக்களைப் பார்ப்பது போலப் பார்த்து, தானே நின்று உண்பிப்பான். ஒவ்வொரு வீட்டிலும் என்ன கிடைக்கும் என்று எண்ணியவாறே செல்கிற அந்தக் கண் பசித்தவனின் கண். பழமரம் தேடி அலையும் பறவையைப் போன்றவன் என்று பாட்டின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டவன் அல்லவா அவன்!

தொல்காப்பியமும் இதற்கு ஒரு சான்று தருகிறது. ஒரு நிலத்தின் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது அது தெய்வத்தை முதலில் வைக்கிறது. இரண்டாவதாக வைப்பது உணவை. விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் யாழும் அதன் பிறகே வருகின்றன. மனத்தை நிலத்தின் பொருள்களில் கண்ட நம் முன்னோர், வயிற்றை மறந்துவிட்டு மனத்தை மட்டும் தனியே எடுத்துப் படிக்கவில்லை.

ஒன்றை மறைத்தல் கூடாது. ஆற்றுப்படை புகழ்ப்பாட்டு. அரசனின் கொடையைச் சிறப்பிப்பதே அதன் நோக்கம். எல்லா வாசல்களும் உண்மையில் அவ்வாறே திறந்திருந்தன என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் புகழ்வதற்கு எதை அளவுகோலாகக் கொண்டார்கள் என்பது வரலாற்றுச் செய்தியே. புல்லரிசியை அகழ்ந்து உண்ணும் எயினர் குடியையும் பட்டத்தில் இருக்கும் மன்னனையும் புலவர் ஒரே கேள்வியால் அளக்கிறார்: வந்தவனுக்குத் தம்மிடம் உள்ளதில் என்ன கொடுத்தார்கள்?

அன்று மாலை எங்கள் ஐவரின் கற்பனைக் காடுகளை மீண்டும் நினைத்துப் பார்த்தோம். சாவி இருந்தது, நீர் இருந்தது, சுவர் இருந்தது. ஒருவர் காட்டிலும் ஒரு பிடி சோறு இல்லை. வேறொரு மனிதரும் இல்லை. தேநீரும் வடையும் உண்டு முடித்தபின் நடந்த நடையல்லவா அது! புதிரின் விடைத்தாள் எங்களைப் பற்றிச் சொல்லாத உண்மையை, பசியோடு காஞ்சிக்கு நடந்த ஒரு பாணன் சொல்லிவிட்டான்.