தகட்டுக்குள் ஒரு வரலாறு: மொரிஸ் மைனரும் நாமும்

நமது வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுகளையும் ஏட்டுப் பிரதிகளையும் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலக் கோவைகளையும் தேடிப் போகின்றனர். அது அவசியமே. ஆயினும் சாதாரண மனிதன் கையாண்ட பொருட்களிலும் வரலாறு படிந்து கிடக்கின்றது என்பதைப் பயிற்சிக் கலாசாலையில் எமக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர் அடிக்கடி கூறுவார். ஒரு பழைய மொரிஸ் மைனர் காரைக் கழற்றிப் பூட்டியபோதுதான் அக்கூற்றின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கிற்று. அந்த அனுபவத்தை முன்வைத்து, அக்கார் இந்நாட்டில் வாழ்ந்த கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொரிஸ் மைனர், இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமானது. இதனை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1906இல் உதுமானியப் பேரரசின் துறைமுக நகரான ஸ்மிர்னாவில், இன்றைய இஸ்மீரில், பிறந்தவர். முதலாம் உலகப் போரைத் தொடர்ந்து வந்த குழப்பத்தில் 1922இல் அந்நகரை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. மாதிரி வண்டி தயாரான பின்னர் அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பாதிகளை நகர்த்தி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவே ஓடும் மேடான பட்டை அந்த வெட்டின் அடையாளமே. புதிய எஞ்சின் ஒன்று திட்டமிடப்பட்டிருந்தும் அது கைகூடவில்லை. முன்னைய மொரிஸ் எயிட் காரின் 918 சீசீ எஞ்சினே பொருத்தப்பட்டது. எனவே பிறக்கும்போதே வெட்டி ஒட்டப்பட்ட உடலும் பழைய எஞ்சினும் கொண்டதாகவே இவ்வண்டி பிறந்தது. இதனை வாசகர்கள் மனதில் கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

1952இல் ஒஸ்டின், மொரிஸ் ஆகிய இரு கொம்பனிகளும் இணைந்த பின்னர் ஒஸ்டினின் 803 சீசீ எஞ்சின் இதற்கு வந்தது. 1956இல் 948 சீசீ, 1962இல் 1098 சீசீ என அது வளர்ந்தது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதற்தடவை. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன.

இலங்கையில் இது வைத்தியர், பாடசாலை அதிபர், எழுதுவினைஞர், சிறு வியாபாரி ஆகியோரின் காராக இருந்தது. கொழும்பில் மஞ்சள் கூரையோடு டாக்சியாகவும் ஓடிற்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது புதிய கார்களின் வரவு நின்று போயிற்று. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடுகள் இன்னும் இறுகின. இங்கிலாந்தில் பத்து வருடம் ஓடிவிட்டுத் தகரக் குவியலுக்குப் போன வண்டி, இங்கு முப்பது, நாற்பது வருடங்கள் ஓடியேயாக வேண்டியிருந்தது. நமது கராஜ்காரர்களின் கைத்திறன் அந்த வறுமையில்தான் உருவானது. தேய்ந்த புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் கடைந்தார்கள், உடைந்ததை ஒட்டினார்கள், கிடைக்காததைச் செய்தார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து போனார்கள். அக்கடைகளில் நம்மவர் பலரும் இருந்தமை பலருக்கும் தெரிந்ததே.

எனது வண்டி 1959ஆம் ஆண்டுக்குரியது, 948 சீசீ. கண்டி வீதிக்கு அண்மையில் ஒரு வீட்டுக் கொட்டிலில் கோழிகள் அடைந்து கிடந்த நிலையில், 2012இல் அதனை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலைக்கு வாங்கினேன். ஆசிரியச் சம்பளத்தில் அதற்கு மேல் முடியாது. எமது ஊரில் எழுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஊரார் அவரை ‘பாஸ்’ என்பர். நான் நானா என்றே அழைப்பேன். அவருடைய கராஜில் விடுமுறை நாட்களில் வேலை நடந்தது. முடிய நான்கு வருடங்கள் சென்றன.

பெயின்றைச் சுரண்டியபோது ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு நிறங்கள் தெரிந்தன: வெள்ளை, கடுஞ்சிவப்பு, கறுப்பு, அடியில் தொழிற்சாலையின் இளம்பச்சை. கதவுக்குக் கீழேயுள்ள சில் பகுதியில் புட்டி விரற்கடை அளவுக்குப் பூசப்பட்டிருந்தது. அதனைத் தட்டியதும் உள்ளே மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒட்டிய துண்டு வெளிப்பட்டது. நானா அதனைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, “இது எழுவத்தஞ்சி காலத்து வேல ஸேர். தகடு கிடைக்காத காலம். செஞ்சவன் கள்ளனில்ல, கெட்டிக்காரன்” என்றார். அதற்கு மேலிருந்த புட்டியைப் பற்றி அவர் அவ்வாறு கூறவில்லை. அது விற்பதற்காகப் பூசப்பட்டது என்பது அவருடைய தீர்ப்பு. பழுதை ஓட்டுவதற்காகத் திருத்தியதா, மறைப்பதற்காகத் திருத்தியதா என்பதை ஒரு தட்டிலேயே பிரித்தறியும் அந்த அறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை.

இலக்கத் தகடும் ஒரு சாசனந்தான். முந்திய கார்கள் ஆங்கில எழுத்துகளைத் தாங்கியிருந்தன. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. 1958இல் வடக்கிலும் கிழக்கிலும் அந்த எழுத்துக்குத் தார் பூசினர். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினர். அவ்வாண்டு மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. எனது வண்டி அதற்கு அடுத்த ஆண்டில் வந்த ஸ்ரீ இலக்க வண்டி. பாடசாலையில் தரம் பதினொன்று மாணவர்களுக்கு 1956 தொடக்கம் 1958 வரையான காலத்தைக் கற்பிக்கும்போது அத்தகட்டைக் காட்டியே தொடங்குகிறேன்.

யுத்த காலத்தில் இப்பழைய கார்கள் இன்னொரு கடமையையும் செய்தன. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்லத் தடையிருந்தபோது ஒஸ்டின், மொரிஸ் வண்டிகளை அங்குள்ளோர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதாலேயே இது சாத்தியமாயிற்று. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவை இவ்வண்டிகளே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் விட்டு வந்த உடைமைகளுள் வாகனங்களும் அடங்கும் என்பதையும் இவ்விடத்தில் மறக்கலாகாது.

1977இன் திறந்த பொருளாதாரத்தோடு யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. மொரிஸ் மைனர் மதிப்பிழந்தது. ஆனால் ஆங்கிலேயருக்கு அதன் மதிப்பு மீண்டும் தெரிய வந்தது. பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயார், காரைத் தூக்கியெறியாமல் திருத்தித் திருத்தி ஆயுள் முழுக்க ஓட்டுவதே சிக்கனம் என 1982இல் ஒரு நூல் எழுதினார். 1990களில் அவருடைய முயற்சியோடு இலங்கையின் தென்பகுதியில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. வறுமையால் நாம் கற்ற தொழிலை, அவ்வண்டியைப் பெற்ற நாடே நம்மிடம் விலைக்கு வாங்கியது எனலாம்.

இனி, திருத்துவதா மாற்றுவதா என்ற கேள்விக்கு வருவோம். நானா எஞ்சினை மாற்றச் சொன்னார். “டட்சன் எஞ்சின் ஒன்டப் போடுவம் ஸேர். கடுகண்ணாவ ஏத்தத்துல தேட் கியர்லயே ஏறும்.” இந்நாட்டில் பல மொரிஸ் மைனர்களுக்கு அவ்வாறே செய்திருக்கின்றனர். இதிலும் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. டட்சனைச் செய்த நிஸான் கொம்பனி, 1952இல் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, ஒஸ்டின் கார்களை யப்பானில் பூட்டித் தொழில் பயின்ற கொம்பனியாகும். மாணவனின் எஞ்சின் குருவின் வண்டிக்குள் வந்து அமர்கிறது.

மறுபுறம், ஓர் ஆணி கூட மாறக்கூடாது, தொழிற்சாலையில் வந்தபடியே இருக்க வேண்டும் என வாதிடும் பழைய கார்ப் பிரியர்களும் உள்ளனர். நான் இரண்டையும் ஏற்கவில்லை. வடிவமைத்தவரே நடுவே வெட்டி அகலமாக்கிய வண்டிக்கு எது மூல வடிவம்? அதேவேளை, நாம் செய்யும் மாற்றம் முந்திய கைகளின் தடயத்தை அழித்துவிடவும் கூடாது. ஆகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டோம்: உயிருக்குப் பாதுகாப்பானதை மாற்றலாம், பின்னால் வருபவன் கழற்றிப் பழையபடி பூட்டக்கூடியதை மாற்றலாம், உடலை வெட்ட வேண்டியதைத் தொடுவதில்லை.

அவ்விதிப்படி 948இன் ஏழு அங்குல முன் பிரேக் டிரம்களுக்குப் பதிலாக 1098இன் எட்டு அங்குல டிரம்கள் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்தன. டைனமோ போய் ஒல்டர்னேட்டர் வந்தது. இவ்வண்டிகளில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். அதனை எதிர்முனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. கதவருகே கை நீட்டும் பழைய சிக்னலை விட்டுவைத்து, மினுங்கும் விளக்குகளையும் சேர்த்தோம். இலங்கையில் 2002 ஜூனில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயப் படிவின் காப்பில்லாமல் பழைய வால்வ் இருக்கைகள் தேய்ந்து உள்ளே இறங்கும். எனவே எஞ்சின் ஹெட்டில் கடினமான இருக்கை வளையங்களை இறுக்கினோம். முன்சில்லுகளைத் தாங்கும் மரையுள்ள கீழ் முட்டுகளைப் புதிதாகப் போட்டோம். அவற்றுக்கு அடிக்கடி கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்து விழும். எஞ்சின் பழையதே. கடுகண்ணாவையில் செக்கண்ட் கியரில்தான் ஏறுகிறது. மண்ணெண்ணெய்த் தகரத் துண்டு பாடசாலையின் வரலாற்று மூலையில் இருக்கின்றது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி திறக்கப்படும் வரை, ஓடிய வண்டிகளைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர நாட்டுக்கு வேறு வழியிருக்கவில்லை. ஆனால் எழுபதுகளில் திருத்தியவர்கள் இப்போது இல்லை. நானாவும் 2021இல் காலமானார். அவருடைய இரு மகன்மாரும் வளைகுடாவில் வேறு தொழில் செய்கின்றனர். கராஜ் பூட்டிக் கிடக்கின்றது.

நம்மிடையே கவிஞர்களின் வரலாறும் ஆலிம்களின் வரலாறும் எழுதப்பட்டுள்ளன. கராஜ்காரர், டிங்கர் பாஸ்மார், பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் ஆகியோரின் வரலாறு எழுதப்படவில்லை. அறிந்தோர் இன்னும் சிலர் உயிரோடிருக்கின்றனர். ஒவ்வோர் ஊரிலும் உள்ள ஆசிரியர்கள் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போக வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர்கள் இருவரோடு எமது ஊரில் இவ்வேலையைத் தொடங்கியுள்ளேன். இதுவரை மூவரிடம் பேசியிருக்கிறோம்.