விழிஞ்ஞம் குகைக்கு ஓர் அச்சுப் படம்

திருவனந்தபுரத்தில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் வழி ஒன்றுதான். காலையில் பத்மநாபசுவாமி கோயில், மத்தியானம் மியூசியம், சாயந்திரம் கோவளம். நானும் வெகுகாலம் அப்படித்தான் அழைத்துப் போனேன். மதுரையிலிருந்து வந்த என் தாய்மாமா ஒருநாள் எங்கள் கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு, "மதுரைப் படம் மாட்டியிருக்கே, தஞ்சாவூர்ப் படம் மாட்டியிருக்கே. நீ சோறு திங்கிற ஊர்ப் படம் எங்கப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் படங்கள் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இரு ஆங்கிலேய ஓவியர்களுடையவை. நம் வீட்டில் இருப்பவை மறுபதிப்பு. 1792ல் அவர்கள் சென்னையிலிருந்து தெற்கே பயணம் செய்தார்கள். லண்டன் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவி, சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் போடுவார்கள். பொடிக்கு இடையே உள்ள இடம் மட்டும் அரிக்கப்படும். அதில் மை பூசி அச்செடுத்தால், தூரிகையால் தீட்டியது போல மெல்லிய நிழல் விழும். வண்ணம் பிறகு கையால் தீட்டுவது.

கோயில், அரண்மனையோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே எனக்குப் பிடித்த விஷயம். அன்றைய சென்னைக்கு வெளியே பந்தயத் திடலில் இருந்த அசெம்பிளி ரூம்ஸ் மாளிகையை வரைந்தார்கள். சைதாப்பேட்டையில் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726ல் தன் பணத்தில் கட்டிய பாலத்தையும் வரைந்தார்கள். அந்தப் பாலம் போய், அங்கே இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. படம் மட்டும் இருக்கிறது.

மதுரைத் திருமலை நாயக்கர் மகால் அவர்கள் படத்தில் இடிபாடாகக் கிடக்கும். பின்னாளில் சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். சிஸோம் என்ற கட்டடக் கலைஞர் வேலையைக் கவனித்தார். மத்தியானம் விருந்தாளிகளை அழைத்துப் போகிறோமே, அந்த மியூசியம் இதே சிஸோம் வடிவமைத்து 1880ல் முடிந்தது. பெயர் நேப்பியருடையது! மாமாவுக்கு இதைச் சொன்னதும் ஒரே சந்தோஷம்.

ஆனால் விழிஞ்ஞம் அந்த 144ல் இல்லை. டேனியல்கள் களக்காட்டுப் பக்கம் நின்று குமரித் திசையை வரைந்ததோடு சரி. நம் கிளிமானூர் ரவிவர்மா 1894ல் பம்பாயில் தொடங்கிய அச்சகமும் தெய்வங்களையும் புராணப் பாத்திரங்களையும்தான் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

விழிஞ்ஞம் சாதாரண இடமா? ஆய் மன்னர்களின் துறைமுகக் கோட்டை. பாண்டியன் நெடுஞ்சடையன் அதை அழித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. கலிங்கத்துப்பரணியிலும் பெயர் வருகிறது. இவ்வளவுக்கும் சாட்சியாக நிற்பது ஒரே பாறையில் குடைந்த சின்னஞ்சிறு குகைக்கோயில். எட்டாம் நூற்றாண்டு என்பர். உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளியே ஒருபுறம் வில்லேந்திய சிவன், மறுபுறம் பார்வதியோடு ஆடும் சிவன். வெளிச் சிற்பம் இரண்டுமே முடிக்கப்படாதவை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தாலும், ஆழமில்லாத அந்தக் கோடுகள் கடல்காற்றில் எத்தனை காலம் தாங்கும்? 2025 மே மாதம் புதுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகு, விழிஞ்ஞம் என்றால் எல்லார் கண்ணும் கிரேன் மேல்தான்.

மாமா ஊருக்குப் போனபின் என் மகளிடம் சொன்னேன். லினோலியத் தகட்டில் செதுக்குவதைக் கல்லூரியில் கற்றவள். நாலு ஞாயிற்றுக்கிழமை குகை வாசலில் உட்கார்ந்து வரைந்தாள். முடியாத கைகால்களைப் பூர்த்தி செய்துவிடலாமே என்று என் மனைவி சொன்னாள். "சிற்பி விட்ட இடத்துல நானும் விட்டுடறேம்மா" என்று மறுத்துவிட்டாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

முதல் அச்சு எடுத்துப் பார்த்தால் ஆடும் சிவன் இடம் மாறி நிற்கிறார்! அச்சில் இடம் வலமாகும் என்பதை அவசரத்தில் மறந்திருக்கிறாள். மறுபடி தலைகீழாக வரைந்து வேறு தகடு செதுக்கினாள். அதில் இருபது பிரதி எடுத்தோம். ஒன்று மதுரைக்குப் போயிற்று. மாமா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறாராம். வருகிறவர்களுக்கெல்லாம் விழிஞ்ஞம் எங்கே இருக்கிறது என்று சொல்வதே அவருக்கு இப்போது வேலை.

தகடு இன்னும் தேயவில்லை. சங்கத்து அன்பர்கள் யாருக்காவது வேண்டுமென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். மை நம்முடையது, நல்ல கனத்த தாள் மட்டும் கொண்டுவந்தால் போதும்.